கடைமடைக்குத் தண்ணி வந்துச்சுங்களா?



கல்லூரிகள் திறந்தாயிற்று. காலை எட்டு மணிக்கு உடுமலை பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. பொள்ளாச்சிக்கு, பழனிக்கு, தாராபுரத்துக்கு, திருப்பூருக்கு என்று எந்தப் பஸ்ஸைப் பார்த்தாலும் தோளில் புதுப் பையும் கழுத்தில் புது அடையாள அட்டையுமாகப் பிள்ளைகள். எந்தக் கோர்ஸ், எந்தக் கல்லூரி, கட்-ஆஃப் எவ்வளவு, ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு என்று இரண்டு மாதமாக வீட்டுக்கு வீடு பேசித் தீர்த்தோம். சேர்த்துவிட்ட பிறகு அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த மாதம் அதைப் பேசலாம்.

பாடத்தை எப்படி நடத்துவது, எந்த யூனிட்டுக்கு எத்தனை வகுப்பு, தேர்வை எப்போது வைப்பது என்பதிலெல்லாம் படிக்கிற பிள்ளைக்கும் ஒரு பேச்சு இருக்க வேண்டும், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்கிற வேலையாகக் கற்பித்தல் மாற வேண்டும் என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2017 முதல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ் வெளிவருகிறது. தளி ரோட்டுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் மகள் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. "ஏனுங்க, புள்ள படிக்கப் போகுதா, வாத்தியாருக்குச் சொல்லிக் குடுக்கப் போகுதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவர் யார்? பி.ஏ.பி. பாசனக்காரர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறார்கள். திருமூர்த்தி அணையில் எந்த மண்டலத்துக்கு எப்போது திறப்பது, எத்தனை சுற்று விடுவது என்பதைப் பேச பாசன சபை, பகிர்மானக் குழு, திட்டக் குழு என்று விவசாயிகள் தேர்ந்தெடுத்த அமைப்புகள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்தவை இவை. இன்ஜினியருக்குத் தெரியாததையா தோட்டக்காரர் சொல்லிவிடப் போகிறார்? ஷட்டரை எவ்வளவு தூக்கினால் எத்தனை கன அடி என்று கணக்குப் போடுவது இன்ஜினியர் வேலை. விட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்பது கடைமடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். "அத மாதிரிதானுங்க கடைசி பெஞ்சும்" என்றேன். நண்பர் சிரித்துவிட்டார்.

இதற்காக நாம் கனடா வரைக்கும் போக வேண்டியதுகூட இல்லை. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதன் இணைப்புக் கல்லூரிகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வகுப்புக் குழு உண்டு. பிள்ளைகள் வாயில் 'கிளாஸ் கமிட்டி'. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதை அமைத்துவிட வேண்டும். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், மாணவப் பிரதிநிதிகள் (வழக்கமாகப் பையன்களும் பெண்களும் சரிபாதி), இவர்களோடு ஒரு தலைவர். அந்தத் தலைவர் அதே வகுப்புக்குப் பாடம் எடுப்பவராக இருக்கக் கூடாது என்பது விதி. மாணவர் ஒரு குறையைச் சொன்னால் கேட்கிறவர் அந்தக் குறைக்கு உரியவராக இருக்கக் கூடாதே! இதை எழுதியவர் விவரம் தெரிந்தவர்தான்.

வகுப்பிலும் ஆய்வகத்திலும் உள்ள சிக்கல்களைப் பேசித் தீர்ப்பது, தேர்வுத் தேதிகளையும் மதிப்பெண் பிரிப்பையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது, ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் எங்கே சறுக்கியது என்று சேர்ந்து பார்ப்பது, பின்தங்கிய மாணவர்களுக்குக் கூடுதல் உதவிக்கு வழி செய்வது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. கூட்டம் முடிந்த இரண்டு நாளில் நடந்ததை எழுதி முதல்வருக்குக் கொடுத்து, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும். தொழிற்சாலைகளில் நடக்கும் 'குவாலிட்டி சர்க்கிள்' போன்றது இது என்று விதிமுறையே சொல்கிறது. பீளமேட்டிலும் கணபதியிலும் பம்ப் செட் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. லேத்தில் நிற்கிறவரையும் உட்காரவைத்து, ரிஜெக்‌ஷன் எங்கே விழுகிறது என்று கேட்கும் கூட்டம் அது.

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தெர்மோடைனமிக்ஸ் எடுக்கும் ஆசிரியை ஒருவர் அப்படி ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். முதல் அரை மணி நேரம் வழக்கமான புகார்கள்: ஃபேன் ஓடவில்லை, ரெக்கார்டு நோட்டும் இன்டர்னல் டெஸ்ட்டும் ஒரே வாரத்தில் வருகின்றன, கேன்டீனில் கூட்டம். அப்புறம் ஒரு பையன் தயங்கித் தயங்கி, "மேடம், நீங்க போர்டுல போடும்போது கணக்கு நல்லாப் புரியுது. பரீட்சையில வேற கணக்கு வந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல" என்றானாம். ஆசிரியை யோசித்துப் பார்த்திருக்கிறார். தினமும் வீட்டிலேயே போட்டுப் பார்த்த கணக்கை வகுப்பில் தடங்கலில்லாமல் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எந்தச் சூத்திரத்தை எடுப்பது, எதை விடுவது, ஸ்டீம் டேபிளில் எந்தப் பக்கம் புரட்டுவது என்று திணறும் இடம்தான் பிள்ளைகளுக்குப் பாடம். அந்த இடம் மட்டும் போர்டுக்கு வரவே இல்லை.

அன்றே பேசி முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஒரு மாணவர் எங்கிருந்தாவது ஒரு கணக்கைக் கொண்டுவர வேண்டும். ஆசிரியை அதை முன்கூட்டிப் பார்க்க மாட்டார். போர்டில் நின்று, மனசுக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவார். தப்பான வழியில் போய் நின்றால், அதையும் பிள்ளைகள் முன்னால்தான் அழித்துவிட்டுத் திரும்புவார். இரண்டாவது வாரமே ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டாராம். வகுப்பில் ஒரு பெண் வழி கண்டுபிடித்துச் சொன்னாள். "பதினாலு வருஷ சர்வீஸ்ல அன்னைக்கு மாதிரி கிளாஸ் எனக்கு அமைஞ்சதில்லைங்க" என்றார்.

அதே கூட்டத்தில் இன்னொரு கோரிக்கையும் வந்ததாம்: ஐந்தாவது யூனிட்டை மேலோட்டமாக நடத்தி முடித்துவிடுங்கள் என்று. முடியாது என்று சொல்லிவிட்டார். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் படிக்கும்போது இதுதான் அடித்தளம் என்று காரணத்தையும் சொன்னார், பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். கூட்டு வேலை என்றால் மாணவர் கேட்டதெல்லாம் நடக்கும் என்று பொருளில்லை. கேட்டது நடக்கவில்லை என்றால் ஏன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு இந்தக் கதையில் வெள்ளிக்கிழமைக் கணக்கைவிட இந்த மறுப்புதான் பிடித்திருந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறதா என்றால், இல்லை. பல கல்லூரிகளில் கிளாஸ் கமிட்டி என்பது ஒரு ஃபைல். பிரதிநிதிகள் வந்து கையெழுத்துப் போடுவார்கள், டீயும் பிஸ்கட்டும் வரும், "எல்லாம் நல்லாருக்கு சார்" என்று எழுந்துவிடுவார்கள். அப்படிச் சொல்லாமல் என்ன செய்வார்கள்? 2021 விதிமுறைப்படி தியரி பாடங்களுக்கு நூற்றில் 40 உள்மதிப்பீடு. அந்த நாற்பது, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியரின் பேனாவில் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிட்டு 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று மைக்கில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஒவ்வாது. குறையைச் சொன்னதற்காக இன்டர்னலில் கை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையைக் கல்லூரி செயலில் காட்ட வேண்டும். அது வரும்வரை எந்தக் குழுவும் வாய் திறக்காது.

இன்னொன்று, பிரதிநிதிகளாக யாரைப் போடுகிறார்கள்? பெரும்பாலும் முதல் பெஞ்ச், முதல் ரேங்க். அவர்களுக்குப் பாடம் எப்படி நடத்தினாலும் புரிந்துவிடும். பிரதிநிதிகளில் இரண்டு பேராவது அரியர் வைத்திருப்பவர்களாக இருக்கட்டும் என்று ஒரு யோசனை சொல்வேன். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே.

கலை அறிவியல் கல்லூரிகளின் நிலை வேறு. நம்மூர்க் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பாடத்திட்டம் கோவையிலிருந்து வரும். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டக் குழு உள்ளேயே உட்காரும். நாக் தரமதிப்பீட்டுக்காக ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள தர உறுதிப் பிரிவில் மாணவர் ஒருவரும் பழைய மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும். மாணவர்களிடம் ஆன்லைனில் கருத்தும் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் முதல் 20 கேள்விக்கும் பதிலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகலாம். 21-ஆவது கேள்வியில்தான், கற்றல் கற்பித்தல் சிறக்க மூன்று யோசனைகளைச் சொந்தமாக எழுதச் சொல்கிறார்கள். படிவத்தின் உயிரே அந்த ஒரு கேள்விதான். அதையும் காலியாக விட்டு 'சப்மிட்' அழுத்துகிறோம் என்று என்னிடம் ஒப்புக்கொண்ட மாணவர்கள் உண்டு. "எழுதுனா யாரு சார் படிப்பாங்க?" என்று கேட்டான் ஒருவன். போன வருடம் என்ன எழுதினார்கள், அதில் எது நிறைவேறியது என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டிவிட்டால் இந்தக் கேள்விக்கு இடமிருக்காது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கதைக்கு வருகிறேன். இதை நம்மூர்க்காரர்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். இறுதியாண்டு பி.எஸ்சி. வேளாண்மை மாணவர்கள் கூட்டம் கூட்டமாக நம் கிராமங்களுக்கு வந்து தங்குவார்கள். கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம் என்று பெயர். விவசாயியோடு விவசாயியாகத் தோட்டத்தில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வந்ததும் முதல் வேலை ஊர் வரைபடம் போடுவது. கோயில் முன்னால் தெருவைக் கூட்டி, கலர் கோலப்பொடியில் வீதி, கிணறு, குளம், வாய்க்கால், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் வரைவார்கள். ஊர்க்காரர்கள் சுற்றி நின்று திருத்துவார்கள். "அந்த வாய்க்கா கெழக்க போகாது கண்ணு, தெக்க திரும்போணும்." "அந்தக் கெணத்தை அழிச்சிரு அம்மிணி, அது வத்தி வருசக்கணக்காச்சு." வரைந்த மாணவி நீலப்பொடியைத் துடைப்பாள், அப்பொழுதுதான் அவளுக்கு அந்த ஊரின் நிலத்தடி நீர் பாடமாகும்.

தென்னைக்கு வேர் மூலம் டானிக் கட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். மரத்துக்கு 200 மில்லி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று மாணவர் அளவு சொல்வார். மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள வேரைக் கண்டுபிடித்து, சாய்வாகச் சீவி, டானிக் பையைக் கட்ட வேண்டும். எது உயிர்வேர், எது செத்த வேர் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா. அந்த இடத்தில் யார் ஆசிரியர், யார் மாணவர்? 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ தெரிந்தபோதும் ஓலையில் கறுப்புப் படலம் அப்பியிருப்பதை முதலில் கண்டவர்கள் தோப்புக்காரர்கள்தான். அது என்ன பூச்சி, அதைத் தின்று அடக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியை எப்படிக் காப்பாற்றுவது, கண்ட மருந்தை அடித்தால் அந்த ஒட்டுண்ணியும் எப்படிச் செத்துப்போகும் என்பதையெல்லாம் விளக்கப் பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத தோப்புக்காரரும் பட்டப்படிப்புப் பிள்ளையும் ஒரே ஓலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதில் எனக்கு ஒரே ஒரு ஆற்றாமை. ஊர் சொன்ன திருத்தமெல்லாம் கோலப்பொடியோடு காற்றில் போய்விடாமல் அடுத்த வருடப் பாடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பைண்டிங் செய்த அறிக்கை அலமாரிக்குப் போவதோடு வேலை முடிந்துவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். ஊரிலிருந்து திரும்பிய மாணவர்களையும் பாடத்திட்டக் குழுவில் ஒரு நாள் உட்காரவைத்து, 'இதைப் பாடத்தில் சேர்க்க வேண்டும், இது இப்போது எங்கும் நடப்பதில்லை' என்று சொல்லச் சொல்லலாம். நம் பண்ணைக்கிணறு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் இதையே சொல்வேன். காங்கேயம் மாட்டைப் பற்றி நம் பட்டிக்காரர்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

திண்டுக்கல்லைத் தாண்டியதும் வரும் காந்திகிராமத்தில் படிப்போடு கிராமமும் கலந்த இந்த வாசனை ஆரம்பத்திலிருந்தே உண்டு. சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய நிறுவனம். 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்தே கிராமத்துக்குப் போய்த் தங்குவது அங்கே படிப்பின் ஒரு பகுதி.

அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரியில் 2006-இலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு மாணவி, தான் படிக்காத ஒரு பாடத்தின் வகுப்பில் வாரம் ஒரு முறை போய் உட்காருவாள். யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை, எந்த இடத்தில் வகுப்பு தூங்கிவிட்டது என்று குறித்துக்கொண்டு, பிறகு ஆசிரியரோடு தனியாகப் பேசுவாள். அதற்குச் சம்பளமும் உண்டு. அந்தப் பாடத்தில் அவளுக்கு மதிப்பெண் போடுவது அந்த ஆசிரியர் இல்லை என்பதால் பயமும் இல்லை. நம் கிளாஸ் கமிட்டித் தலைவருக்கான விதியும் இதுவும் ஒரே புத்திதான் என்பதைக் கவனியுங்கள்.

இதன் மறுகோடியும் உலகம் பார்த்ததுதான். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாக மரபு. இடைக்காலத்தில் அங்கே மாணவர் சங்கம் வைத்ததுதான் சட்டம். ஆசிரியருக்குக் கூலி கொடுத்தவர்கள் மாணவர்கள். மணி அடித்தும் வராவிட்டால் அபராதம், மணி அடித்தும் நிறுத்தாவிட்டால் அபராதம், ஐந்து பேருக்குக் குறைவாக வகுப்புக்கு வந்தால் ஆசிரியர் வராததாகக் கணக்கு வைத்து அதற்கும் அபராதம்! படித்துவிட்டு நம் ஆசிரிய நண்பர்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. ஆசிரியரை வேலையாள் ஆக்கி வைக்கும் அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை.

நம்மூர் ஜி.டி. நாயுடுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1920-இல் ஒற்றைப் பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே, நம் ஊர் வழியாக ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். 1945-இல் கோவையில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் வந்தபோது அதற்கு முதல்வராக இருந்தார். நான்கு வருடப் படிப்பு மாணவரின் காலத்தை வீணடிக்கிறது, பாதிக் காலம் போதும் என்று அரசோடு முரண்பட்டுப் பதவியை விட்டார். அந்தக் கல்வி நிலையம்தான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மாணவருக்காகப் பதவியை உதறிய பெரிய மனிதர் அவர். இன்றைக்கு நமக்குத் தேவைப்படுவது இன்னும் எளியது. மாணவரோடு உட்கார்ந்து பேச மாதத்தில் ஒரு மணி நேரம்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. கோடை விடுமுறையில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அனுப்பப்படுகிற தனியார் கல்லூரி ஆசிரியருக்கும், வருடா வருடம் வேலை நீடிக்குமா என்று காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும், அவர்கள் கல்லூரியில் என்ன பேச்சு இருக்கிறது? தனக்கே இல்லாத உரிமையை மாணவரோடு எப்படிப் பகிர்ந்துகொள்வார்? மாணவரின் குரலைப் பற்றி நிர்வாகங்கள் மேடையில் பேசும்போது, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கள் ஆசிரியர்களின் முகத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும். அவர்கள் வாயைக் கட்டிவிட்டு மாணவர் வாயைத் திறக்க முடியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலம் பிள்ளை வீடு வந்ததும் "மார்க் எவ்வளவு?" என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "உங்க கிளாஸ் ரெப் யாரு? போன மீட்டிங்ல என்ன பேசுனீங்க? அதுல என்ன நடந்துச்சு?" மூன்றுக்கும் பதில் தெரியவில்லை என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நீங்களே எழுந்து கிளாஸ் கமிட்டி மினிட்ஸைப் பார்க்கக் கேட்கலாம்.

மாணவர்களும் ஆசிரியர்களும் எங்களுக்கு எழுத வேண்டும். உங்கள் வகுப்பில் சேர்ந்து பேசி மாற்றிய ஒரு விஷயம், அல்லது மாற்ற முயன்று தோற்ற ஒரு விஷயம். ஒரே கடிதம், அதில் மாணவர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. கல்லூரியின் பெயரைப் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். வரும் கடிதங்களுக்காக அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்